கார்ப்பெட் மேல் நின்ற எடை மெஷின்

மொன்ட்ரியாலுக்கு வந்து எனக்கு இரண்டாவது குளிர்காலம் அது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் நடுவில் ஒரு பெரிய ஹோட்டல். அதன் விருந்து மண்டபத்தில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, உடம்பில் ஒட்டுத் துணி இல்லாமல் நின்ற ஓர் ஆண்பிள்ளையை நான் எடை போட்டேன். கோயம்புத்தூரில் இருக்கும் என் மாமியாருக்கு இந்த விஷயம் இன்றுவரை தெரியாது. அவர் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது கருவியியல் பொறியியல். கணவருக்கு ஐ.டி. கம்பெனியில் மாற்றலாகி இங்கே வந்தோம். வீட்டில் சும்மா உட்கார எனக்கு வராது. அலைந்து திரிந்து, சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பிடித்தேன். எடை மெஷின்களைச் சரிபார்த்துச் சான்று கொடுப்பது அவர்கள் தொழில். மருந்துத் தொழிற்சாலையில் தூள் நிறுக்கும் மெஷின், இறைச்சிக் கடை மெஷின், லாரியையே ஏற்றி நிறுத்தும் எடைமேடை என்று எல்லாவற்றுக்கும் போவோம். வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எடை உறுதியாகத் தெரிந்த இரும்புக் கற்களை எடுத்துப்போய் மெஷின் மேல் வைக்க வேண்டும். இருபது கிலோ கல்லுக்கு இருபது காட்டினால் சரி. காட்டாவிட்டால் ஏன் என்று தேட வேண்டும். அந்த 'ஏன்'தான் எனக்குப் பிடித்த இடம். சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் ஏன், எதுக்கு என்று கேட்டு வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டவள் நான்.

என்னோடு வேலை செய்தவர் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். ஐம்பதைத் தொடும் வயது. வெகு காலம் முன்பே இங்கே வந்துவிட்டதால் பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ வணக்கத்துக்குப் போன்ஷூர், நன்றிக்கு மெர்சி, அதைத் தாண்டினால் நாக்கு முரண்டு பிடிக்கும். அதனால் போகிற இடமெல்லாம் அவர்தான் எனக்கு வாய். வேனை ஓட்டுவதும் அவர். போகும் வழியெல்லாம் பேசுவதும் அவர். நான் ஏதாவது கேட்டால் போதும், 'தொடங்கீட்டீரோ?' என்று ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

ஒரு நாள் முதலாளி வந்து, நாளைக்கு ஹோட்டலில் குத்துச்சண்டை வீரர்களுக்கு எடை பார்க்கிறார்கள், நம் மெஷின்தான் போகிறது, சரிபார்த்துக் கொடுத்துவிட்டுக் கூடவே நில்லுங்கள் என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அண்ணாவோ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். யார் யார் மோதுகிறார்கள் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அதில் ஒருவர் மேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம்.

மறுநாள் வேனில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன். "ஏனுங்ணா, ரெண்டு பேரு அடிச்சுக்கறதுக்கு எதுக்கு எடை போடோணும்?"

"ஐயோ தங்கச்சி! உங்கட பக்கத்தில சேவல் சண்டைக்கே சோடி பாத்துத்தானே விடுவினம்? இது மனுசர். பாரமான ஒருத்தன் மெலிஞ்சவனுக்கு ஒண்டு குடுத்தா என்ன ஆகும்?"

பிறகு அந்த வீரரின் கதை முழுவதையும் சொன்னார். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பெற்றோரோடு சிறு பிள்ளையாக வந்தவராம். மொன்ட்ரியால்-நோர் என்ற பகுதியில் வாடகை வீட்டில் வளர்ந்து, பக்கத்தில் இருந்த ஒரு ஜிம்மில் குத்துச்சண்டை பழகி, கனடாவுக்காக ஒலிம்பிக்கில் இறங்கியவராம். அண்ணா அந்தப் போட்டியை டி.வி.யில் பார்த்திருக்கிறார். இன்னும் ஒரு சண்டை ஜெயித்தால் பதக்கம் உறுதி என்ற இடத்தில், ஒரே ஒரு பாயிண்டில் தோற்றுவிட்டாராம்.

"பாயிண்ட் எப்படிப் போடுவாங்க?" என்றேன்.

அப்போது ஒலிம்பிக்கில் இருந்த முறையை அண்ணா விளக்கினார். சுற்றி ஐந்து நடுவர்கள். ஒவ்வொருவர் கையிலும் பட்டன். குத்து சரியாக விழுந்ததாகத் தோன்றினால் அழுத்த வேண்டும். குறைந்தது மூன்று பேர் ஒரே நொடிக்குள் அழுத்தினால்தான் மெஷின் ஒரு பாயிண்ட் ஏற்றும். இரண்டு பேர் அழுத்தி, மூன்றாமவர் கொஞ்சம் பிந்தினால் அந்தக் குத்து குத்தே இல்லை. கேட்கக் கேட்க எனக்கு மண்டைக்குள் குறுகுறுவென்றது. அந்த மெஷினை யார் சரிபார்ப்பார்கள் என்று கேட்டேன்.

"உலகத்தில நீர் ஒருத்திதான் இப்பிடிக் கேப்பீர்," என்று அண்ணா சிரித்தார்.

அந்தத் தோல்விக்குப் பிறகு அந்த வீரர் தொழில்முறைக்கு மாறிவிட்டார். அது வேறு உலகமாம். தலைக்கவசம் கிடையாது, பனியன் கிடையாது, கையுறை சின்னது, ரவுண்டுகள் அதிகம். எடையைக்கூட கிலோவில் பார்க்காமல் பவுண்டில் பார்ப்பார்கள். மெஷினுக்குப் பதில் மூன்று நடுவர்கள் காகிதத்தில் மார்க் போடுவார்கள். ஒலிம்பிக் பாணியில் தொட்டுவிட்டு விலகி ஓடினால் கூட்டம் ஊளையிடும். இவருக்கும் ஊளையிட்டார்கள். முதல் வருஷங்களில் தோற்கவும் தோற்றார். வளர்ந்த பிறகு நடக்கப் பழகுவது போல, கால் ஊன்றி நின்று அடிக்கப் புதிதாகக் கற்றுக்கொண்டார். சின்னச் சின்ன ஹால்களில் சண்டை போட்டு மேலே வந்தார். இப்போது ஒரு பெரிய பட்டம் காலியாக இருக்கிறது. நாளைக்கு ஜெயிப்பவருக்கு அந்த பெல்ட்.

"ஆனா ஒண்டு, தங்கச்சி. இண்டைக்கு நிறை கூடினா, நாளைக்கு அவன் வெண்டாலும் பெல்ட் இல்லை. வயசும் போகுது. இனி இப்பிடி ஒரு சான்ஸ் அவனுக்கு வராது."

ஹோட்டலுக்குள் நுழைந்தபோது மெஷின் ஏற்கெனவே மேடை மேல் நின்றது. காலையில் எங்கள் கம்பெனியின் இன்னொரு வண்டி இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஹோட்டல் ஆட்களே அதைத் தூக்கி, போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று மேடையின் நடுவில் வைத்து, சுவிட்சும் போட்டிருந்தார்கள். மேடை முழுவதும் சிவப்பு கார்ப்பெட். கால் வைத்தால் புதையும், அவ்வளவு மெத்து.

அந்த வீரர் மேடைக்குக் கீழே ஒரு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, தலை வரை மூடிய சட்டைக்குள் சுருண்டிருந்தார். விளம்பரப் படத்தில் பார்த்த ஆள் இவர்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. கையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், காலி. அதுவரை வேனில் 'அவன், இவன்' என்று உரிமையாகப் பேசிவந்த அண்ணா, ஆளை நேரில் கண்டதும் 'அவர்' ஆக்கிவிட்டார். பயிற்சியாளர் நரைத்த தலையோடு குஷியாக நின்றார். அவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து அண்ணா விவரம் சொன்னார். எடை பார்க்கும் நேரத்துக்கு முன்பே வந்து, அதே மெஷினில் ஏறித் தங்களுக்காகப் பார்த்துக்கொள்வது வீரர்களின் வழக்கமாம். இவரும் பார்த்திருக்கிறார். பட்டத்துக்கு விதித்த எடை வரம்புக்கு ஒரு பவுண்டு குறைவாகவே காட்டியிருக்கிறது. முந்தின நாளிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காதவர், அந்தச் சந்தோஷத்தில் ஒரு பாட்டில் குடித்துவிட்டாராம்.

நான் மண்டியிட்டு மெஷினின் அடியைப் பார்த்தேன்.

இந்த வகை மெஷினுக்கு நாலு மூலையில் நாலு கால். எடை முழுவதும் அந்தக் கால்கள் வழியாகத்தான் இறங்க வேண்டும். மெத்தென்ற கார்ப்பெட்டில் கால்கள் புதைந்துவிட்டன. மெஷினின் வயிறு கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தது. அதாவது, ஏறுகிற ஆளின் பாரத்தில் ஒரு பங்கைக் கார்ப்பெட்டே தாங்கிக்கொள்கிறது. மெஷின் குறைத்துத்தான் காட்டும். பட்டனைத் தட்டினால் அந்த மெஷின் பவுண்டும் காட்டும், கிலோவும் காட்டும். கிலோவுக்கு மாற்றிக் கற்களை வைத்துப் பார்த்தேன். குறைத்துத்தான் காட்டியது.

அண்ணாவிடம், அடியில் கனமான பலகை போட்டு மறுபடி வைக்க வேண்டும் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. என்னை ஓரமாக இழுத்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். ரெண்டு பேரும் இதே கார்ப்பெட்டிலதானே ஏறப் போகினம்? பிழை எண்டாலும் ரெண்டு பேருக்கும் ஒரே பிழைதானே?"

அதற்குள் பயிற்சியாளருக்கும் விஷயம் எட்டிவிட்டது. அவரும் கையை ஆட்டி ஆட்டி, பிரெஞ்சில், அதையேதான் சொன்னார். மேலுக்குப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிந்தது. எதிராளி உண்மையான எடைக்கு உடம்பை வற்ற வைத்திருப்பாரே என்று யோசித்தேன். வரம்பு இன்னொரு ஆளைப் பார்த்து வைத்ததில்லையே, பவுண்டைப் பார்த்து வைத்ததுதானே என்றும் யோசித்தேன். ஆனால் அந்த ஒட்டிய கன்னத்தைப் பார்த்தபோது பலகை கேட்க மனசு வரவில்லை.

அப்போது அந்த வீரரே எழுந்து வந்தார். என் பக்கத்தில், மெஷின் அருகே, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கல்லைத் தொட்டுப் பார்த்தார். அண்ணாவைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார்.

"இது பிழை எண்டு உமக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறார்."

கல்லை வைத்துக் காட்டினேன். கல்லில் பொறித்த எண்ணையும் மெஷின் காட்டிய எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்லு சரியெண்டு ஆர் சொன்னது எண்டு கேக்கிறார்."

வருஷா வருஷம் எங்கள் கற்களை ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம், அங்கே இதைவிட நுட்பமான கற்களோடு ஒப்பிடுவார்கள் என்றேன். அந்தக் கற்களை யார் பார்ப்பது என்று கேட்டார். அது ஒட்டாவாவில் இருக்கும் நாட்டுக்குரிய கல்லோடு ஒப்பிடப்படும் என்றேன். அதை? பிரான்சில், பாரிசுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் உலோகக் கட்டி பூட்டி வைத்திருக்கிறார்கள், அதோடு ஒப்பிடுவார்கள் என்றேன். அந்த நாளில் அப்படித்தான் இருந்தது.

"அப்ப அந்தக் கட்டியை ஆர் சரிபாக்கிறது எண்டு கேக்கிறார்," என்றார் அண்ணா. அவருக்கே இப்போது சுவாரசியம் தட்டிவிட்டது.

"யாரும் இல்லை. அதுதான் கிலோ. அதுக்கு மேல கேள்வி இல்லைன்னு சொல்லுங்ணா."

அதைக் கேட்டதும் அவர் சிரித்தார். வெடித்த உதட்டில் ரத்தம் துளிர்த்தது. என்னைப் போலவே ஒருவர் என்று எனக்கு அந்த நேரத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது. அவர் எழுந்தார். போட்டியை மேற்பார்வையிட வந்திருந்த அதிகாரியைக் கைகாட்டி அழைத்தார். பலகை போடச் சொல்லுங்கள் என்று அவரே சொன்னார். பயிற்சியாளர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

பலகை வந்தது. மெஷினை அதன் மேல் ஏற்றி, ரசமட்டம் பார்த்து, கற்களை வைத்தேன். இருபதுக்கு இருபது. எதிராளி ஏறினார், வரம்புக்குள் நின்றார், கையைத் தூக்கிப் போட்டோவுக்குச் சிரித்துவிட்டு இறங்கினார். பிறகு இவர். உள்ளாடையோடு ஏறினார், கூட இருந்தது. அதையும் கழற்றட்டும் என்றார்கள். அண்ணா ஒரு பக்கமும் பயிற்சியாளர் ஒரு பக்கமுமாகத் துண்டைத் திரை போலப் பிடித்தார்கள். எண்ணை வாசிக்க வேண்டியவள் நான். கண்ணை அந்த எண்ணிலிருந்து நூலிழை நகர்த்தவில்லை. காது மடல் வரை எனக்குச் சுட்டது. ஆனால் வாசித்தபோது வெட்கமெல்லாம் பறந்துவிட்டது. கிட்டத்தட்ட முக்கால் பவுண்டு கூட.

இரண்டு மணி நேரம் அவகாசம் உண்டு, அதற்குள் குறைத்துக்கொண்டு வந்து மறுபடி ஏறலாம் என்றார் அதிகாரி. உள்ளே போன தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு, ஹீட்டரை முழுவதும் ஏற்றிவைத்த ஒரு சின்ன அறைக்குள் போனார். நாங்கள் மெஷினுக்குக் காவலாக மேடையிலேயே உட்கார்ந்தோம். அண்ணா என்னோடு பேசவில்லை. வாய் ஓயாத மனுஷர் அவர். அந்த மௌனம் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. பொறுக்க முடியாமல், "பண்ணுனது தப்புங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீர் சரியாத்தான் செய்தனீர். ஆனா எனக்கு உம்மில கோவம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டும் உண்மை," என்றும் சொன்னார்.

இடையில் கால் மரத்துப்போகிறது என்று சாக்குச் சொல்லி அந்த அறைப் பக்கம் போனேன். எனக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கதவில் இருந்த கண்ணாடிச் சதுரம் வழியாக எட்டிப் பார்த்தேன். கயிறு தாண்டிக்கொண்டிருந்தார். வாயில் எதையோ மென்று, நின்று, ஒரு காகிதக் கப்பில் துப்பினார். உமிழ்நீர்கூட எடைதான். மறுபடி கயிறு. வியர்வை அதிகம் வழியவில்லை, உடம்பில் ஊறுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி கயிறைத் தூக்கினார். அதற்கு மேல் பார்க்க எனக்குத் தெம்பில்லாமல் திரும்பிவிட்டேன். அந்த நேரத்தில் யாராவது வந்து பலகையை உருவிவிட்டால்கூட நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன் என்றுதான் தோன்றியது.

அவகாசம் முடியும் தறுவாயில் கூட்டி வந்தார்கள். அந்த எடையாவது குறையட்டும் என்று தலைமுடியை ஒட்ட வழித்திருந்தார். மறுபடி துண்டு, மறுபடி நான். எண் ஏறி, ஆடி, நின்றது. இன்னும் கூட. எவ்வளவு தெரியுமா, ஒரு வாழைப்பழத்தின் எடை. அவ்வளவுதான். ஒரு வாழைப்பழம்.

அவர் இறங்காமல் குனிந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இறங்கி, துண்டைச் சுற்றிக்கொண்டு, கற்களைக் காட்டினார். மறுபடி வைத்துக் காட்டு என்கிறார் என்று புரிந்தது. வைத்தேன். இருபதுக்கு இருபது. தலையை ஆட்டி, "மெர்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பயிற்சியாளர் மேடைப் படியில் உட்கார்ந்து, பெரிய மனுஷர், குழந்தை போல அழுதார். அண்ணா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சண்டை மட்டும் திட்டமிட்டபடி நடந்தது. எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. திங்கட்கிழமை வேனில் ஏறும்போது அண்ணாவின் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த முகத்தில் ஒன்றும் புரியவில்லை. கேட்டேன்.

"வெண்டுட்டான்," என்றார். "மூண்டு நடுவரும் அவனுக்குத்தான் போட்டவை. அடிச்ச அடி, அப்பிடி ஒரு அடி. வெண்டவன் வெறுங்கையோட வீட்ட போனான்."

சென்ட் லோரன்ட் சிக்னலில் நின்றபோது, வெளியே பனியைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கார்ப்பெட்டில விட்டிருந்தா அவன் இண்டைக்குச் சாம்பியன்," என்றார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, தாங்காமல் சொன்னார். நான் கம்பெனிக்குப் போனதும் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஜெயித்துவிட்டாரே! வீட்டில் கணவர், "உன் கடமையைத்தானே செஞ்சே," என்றார். அதைச் சொல்வது சுலபம். பல நாள் எனக்குத் தூக்கத்தில் அந்த எண் வந்து நின்றது.

பனி உருகி, தெருவெல்லாம் சேறாக இருந்த ஒரு நாள். எங்கள் கம்பெனி வாசல் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். இரண்டு கையிலும் ஓர் எடை மெஷின். அண்ணா கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் தரையில் விழுந்த சத்தத்தில்தான் யார் என்று நிமிர்ந்து பார்த்தேன். கன்னம் ஒட்டாமல், சதை பிடித்து, வேறு ஆளாக இருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது, சிரிக்காதீர்கள்.

அவர் மெஷினை என் மேசை மேல் வைத்தார். ஜிம்மில் அவர் தினமும் ஏறும் மெஷினாம். இதைச் சரிபார்க்க வேண்டும், நீங்களே பாருங்கள் என்றார். ஓ, இது தப்பாகக் காட்டியதால்தான் எல்லாம் கெட்டது என்று நினைக்கிறார் போல என்று எண்ணிக்கொண்டு கற்களை எடுத்தேன். உள்ளுக்குள் ஓர் அற்ப ஆசையும் இருந்தது. இதில் பிழை இருந்தால் பழி என்னை விட்டுப் போகுமே என்று.

வைத்தேன். சரியாகக் காட்டியது. நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தேன். கற்களைக் கூட்டி வைத்தேன், குறைத்து வைத்தேன். ஒரு குறையும் இல்லை. சரி என்று தலையாட்டினேன்.

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பிரெஞ்சில் நெடுநேரம் பேசினார். வழக்கமாக வரிக்கு வரி ஓடிவந்து மொழிபெயர்க்கும் அண்ணா, அன்று முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்குக் காலமை இதில ஏறிப் பாத்தவராம். கொஞ்சம் கூட எண்டு காட்டினதாம். பேந்து ஹோட்டலுக்கு வந்து அதில ஏறினா, ஒரு பவுண்டு குறைவெண்டு காட்டினதாம். ரெண்டு மெஷின் ரெண்டு கதை சொல்லுது. 'எனக்கு எது பிடிச்சுதோ அதை நம்பித் தண்ணியைக் குடிச்சன்' எண்டு சொல்லுறார்."

அன்று மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கல்லைத் தொட்டுத் தொட்டு அவர் கேட்ட கேள்விகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் வயிற்றுக்குள் போன பிறகு சந்தேகம் மேலே வந்திருக்கிறது. அந்தக் காலை எடையைப் பற்றிப் பயிற்சியாளரிடம்கூட அவர் சொல்லவில்லையாம்.

அண்ணா தொடர்ந்தார். "இன்னொண்டும் சொல்லுறார். ஒலிம்பிக்கில ஒரு பாயிண்டால தோத்தது மெஷின்ட பிழையெண்டுதான் இவ்வளவு காலமும் எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சவராம். 'அது எனக்குப் பிடிக்காத நம்பரைக் காட்டினது, பிழை எண்டன். இது பிடிச்ச நம்பரைக் காட்டினது, சரி எண்டன். ரெண்டையும் நான் சரிபாக்கேல்லை' எண்டு சொல்லுறார்."

எனக்கு ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒலிம்பிக் மெஷின் சரியாகத்தான் காட்டியது என்று இப்போது நினைக்கிறாரா என்று கேட்கச் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கித் தோளைக் குலுக்கினார். தெரியாது, இனி அதைத் திறந்து பார்க்கவும் முடியாது, ஆனால் பிழை என்று இனிமேல் சொல்லிக்கொண்டு திரிய மாட்டேன் என்றாராம். அவர் அதைச் சோகமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாக முதுகில் தூக்கித் திரிந்ததை ஓரமாக இறக்கி வைத்தவர் மாதிரி நிம்மதியாக இருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு பெரிய கை, பூவைத் தொடுகிற மாதிரி பிடித்தது.

சான்று ஒட்டியதும் மெஷினைத் தூக்கக் குனிந்தார். அண்ணா விடவில்லை. தானே தூக்கிக்கொண்டு சேற்றில் கார் வரை போய் வைத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் என்னை மெட்ரோ வாசலில் இறக்கிவிடும்போது, "தங்கச்சி, உம்மில இருந்த கோவம் போயிட்டுது," என்றார். "இப்பத்தானா?" என்று கேட்டேன். "இப்பத்தான்," என்று ஒளிக்காமல் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அந்த வீரர் அதற்குப் பிறகும் சில சண்டைகள் போட்டார். பட்டத்துக்கான வாய்ப்பு மறுபடி வரவில்லை. அண்ணா பயந்ததுபோலவே நடந்தது. அந்த ஒரு வாழைப்பழ எடையைக் குறித்து எனக்கு இன்றும் வருத்தம் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். மெஷின் ஆகாத எண்ணைக் காட்டினால்தான் கடைக்காரர்கள் எங்களுக்குப் போன் செய்வார்கள். தங்களுக்கு லாபமான எண்ணைக் காட்டுகிற மெஷினை, வந்து பாருங்கள் என்று யாரும் கூப்பிட்டதில்லை. நானும் வீட்டில் அப்படித்தான் இருந்தேன். பிள்ளைக்கு மார்க் குறைந்தால் டீச்சரிடம் ஓடுவேன், கூடினால் சர்க்கரை போட்டுப் பாயசம் வைப்பேன். இப்போது யாராவது என் காதுக்கு இனிப்பான ஒன்றைச் சொன்னால், கொஞ்சம் நிதானிக்கிறேன். மனசுக்குப் பிடித்த எண்ணுக்குத்தான் முதலில் கல்லை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை, கைக்கு எட்டிய பட்டத்தை விட்டுக்கொடுத்து ஒரு மனிதர் எனக்குக் காட்டிவிட்டுப் போனார்.